சைடு பை சைடு ஃபிரிட்ஜ்: ‘கேஸ் போச்சு சார்’னு சொன்னதும் பர்ஸை எடுக்காதீங்க

வழக்கமா நாம இங்கே எஸ்.ஐ.பி., வருமான வரி, ஹோம் லோன்னு பேசுவோம். இன்னைக்கு ஃபிரிட்ஜ் பத்திப் பேசப் போறோம். சிரிக்காதீங்க. வேலைக்குச் சேர்ந்து நாலஞ்சு வருஷம் ஆன பலரோட வீட்ல, வண்டிக்கு அடுத்தபடி விலை உயர்ந்த பொருள் அந்த ரெண்டு கதவு ஃபிரிட்ஜ்தான். 70,000, 80,000 கொடுத்து, அதுவும் இ.எம்.ஐ-யில வாங்கியிருப்போம். ஆனா அது ரிப்பேர் ஆகும்போது எவ்வளவு செலவு பண்ணலாம், எதுக்குப் பண்ணக் கூடாதுன்னு யாரும் யோசிச்சு வைக்கிறதில்லை. நானும் வைக்கல. அதுக்கு நான் கொடுத்த விலை சுமார் ₹11,000.

என் வீட்ல நடந்தது

போன வருஷம் மே மாசம். மதுரை வெயிலைப் பத்தி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா, “தம்பி, பால் திரிஞ்சு போச்சுடா, ஃபிரிட்ஜ்ல கூலிங்கே இல்ல”ன்னாங்க. போய்ப் பார்த்தேன். வலது பக்கம் வெதுவெதுன்னு இருக்கு. இடது பக்கம் ஃப்ரீசர்ல ஐஸ் கல்லு மாதிரி இருக்கு.

அவசரத்துல பக்கத்துல கிடைச்ச ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். வந்தார், பின்பக்கம் கைவச்சுப் பார்த்தார், “கேஸ் போச்சு சார், 6,500 ஆகும். பில் வேணும்னா 18 பர்சன்ட் எக்ஸ்ட்ரா”ன்னார். கணக்குப் போட்டேன். 1,170 ரூபாய் மிச்சம். “பில் வேணாம்ணே”ன்னுட்டேன். ஆமா, ஆடிட்டர் நான்தான் சொன்னேன்.

அவர் ஃபிரிட்ஜை ஆஃப் பண்ணி, கதவைத் திறந்து வச்சு, அன்னைக்கு முழுக்க வேலை பார்த்தார். மறுநாள் கூலிங் அருமை. சரியா பத்து நாள். நாங்க மேலூர் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய் மூணு நாள் கழிச்சுத் திரும்பினா, மறுபடி வலது பக்கம் வெதுவெதுப்பு. உள்ளே அம்மாவோட பிரிக்காத இன்சுலின் பேனா இருந்தது. எத்தனை நாள் எவ்வளவு சூட்டுல கிடந்துச்சுன்னு சொல்ல முடியாததால அத்தனையையும் தூக்கிப் போட வேண்டியதாப் போச்சு. மெக்கானிக் போனை எடுக்கல. கையில பில்லும் இல்ல.

அடுத்து சிம்மக்கல்ல இருந்து வயசான மெக்கானிக் ஒருத்தர் வந்தார். ஃப்ரீசரோட உள்பக்கத் தகட்டைக் கழட்டிக் காட்டினார். உள்ளே குளிர்க் குழாய் முழுக்க வெள்ளையா உறைபனி. “கேஸ் இல்லைன்னா இவ்ளோ பனி எப்படி தம்பி புடிக்கும்?”னு கேட்டார். பனியைக் கரைக்கச் சொல்ற சென்சார் போயிருந்தது. மாத்தினார். கூலியோட ₹1,900, சாதாரண ரசீதோட. அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் பிரச்சனை இல்ல.

6,500 + 1,900, இன்சுலினும் கெட்டுப்போன சாமானும் 2,600. மொத்தம் 11,000. இதுல உண்மையிலேயே தேவைப்பட்ட செலவு 1,900 மட்டும்தான்.

முதல்ல ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும்

பெரும்பாலான சைடு பை சைடு மாடல்கள்ல குளிர் உண்டாகிறது ஒரே இடத்துலதான். இடது பக்க ஃப்ரீசரோட பின் தகட்டுக்குள்ள இருக்கிற குழாய்ச் சுருள்ல. அங்கிருந்து ஒரு சின்ன ஃபேன் குளிர்காத்தை ஊதும். அதுல கொஞ்சத்தை ஒரு தானியங்கி மூடி வழியா வலது பக்கத்துக்கு அனுப்பும். அதாவது வலது பக்கம் தானா குளிர் உண்டாக்கிறதில்ல, இடது பக்கத்துகிட்ட கடன் வாங்குது. சில விலை உயர்ந்த மாடல்கள்ல மட்டும் ரெண்டு பக்கத்துக்கும் தனித்தனி சுருள் இருக்கும்.

அந்தச் சுருள் மேல காத்துல இருக்கிற ஈரம் பனியாப் படியும். அதைக் கரைக்க ஒரு ஹீட்டர் அப்பப்போ ஓடும். கரைஞ்ச தண்ணி ஒரு துளை வழியா கீழே கம்ப்ரஸர் பக்கத்துல இருக்கிற தட்டுக்குப் போய், அந்தச் சூட்டுலயே ஆவியாயிடும். ஹீட்டரோ சென்சாரோ வேலை செய்யலைன்னா பனி சேர்ந்து சேர்ந்து காத்துப் பாதையை அடைச்சிடும். ஃப்ரீசர் ஐஸா இருக்கும், வலது பக்கம் சூடாயிடும். என் வீட்ல நடந்தது இதுதான்.

அப்புறம் எப்படி பத்து நாள் ஓடுச்சு? கேஸ் அடிக்கிறதுக்காக அவர் ஃபிரிட்ஜை நாள் முழுக்க ஆஃப் பண்ணி வச்சார் இல்லையா, அந்த நேரத்துல பனி தானாக் கரைஞ்சிடுச்சு. ஆஃப் பண்ணி வைக்கிறதுதான் வைத்தியம். நான் அதுக்கு 6,500 கொடுத்திருக்கேன்.

இதை மட்டும் மனசுல வச்சுக்கோங்க: கேஸ் நிஜமாவே குறைஞ்சா ஃப்ரீசரும் அடி வாங்கும். ஃப்ரீசர்ல ஐஸ்கிரீம் கல்லா இருக்கு, வலது பக்கம் மட்டும் கூலிங் இல்லைன்னா, “கேஸ் போச்சு”ங்கிற பதிலை உடனே ஏத்துக்காதீங்க.

மெக்கானிக்கைக் கூப்பிடறதுக்கு முன்னாடி அரை மணி நேரம்

இதெல்லாம் ஸ்பேனர் இல்லாம, காசு இல்லாமச் செய்யக்கூடிய சோதனைகள்.

1. ரெண்டு பக்கமும் கூலிங் இல்ல, ஆனா லைட் எரியுது. பிளக்கும் வோல்டேஜும் சரியான்னு பாருங்க. அடுத்து டிஸ்பிளே. ஷோரூம்ல வைக்கிறதுக்காக ‘டெமோ மோட்’னு ஒண்ணு இருக்கும். அதுல லைட்டும் டிஸ்பிளேயும் வேலை செய்யும், கூலிங் மட்டும் ஓடாது. துடைக்கும்போதோ, குழந்தைங்க பட்டனை அமுக்கும்போதோ அது ஆன் ஆகியிருக்கலாம். எந்த ரெண்டு பட்டனைச் சேர்த்து அமுக்கினா போகும்னு மேனுவல்ல இருக்கும். இதுக்குப் போய் விசிட்டிங் சார்ஜ் கட்டினவங்க உண்டு.

2. ஃப்ரீசர் சரி, வலது பக்கம் சூடு. முதல்ல வலது பக்கம் காத்து வர்ற துளைகளைப் பாருங்க. மாவு குண்டானோ, கீரைக்கட்டோ, வாழையிலையில சுத்தின மல்லிகைப்பூவோ அடைச்சுக்கிட்டு நிக்கலாம். அது இல்லைன்னா, சாமானை எடுத்து வேற இடத்துல வச்சிட்டு, பிளக்கைப் பிடுங்கி, ரெண்டு கதவையும் திறந்து ஒரு நாள் முழுக்க விடுங்க. கீழே பழைய வேட்டி, துண்டு விரிச்சுக்கோங்க, தண்ணி வரும். மறுபடி போட்டதும் நல்லா ஓடி, ஒரு வாரம் பத்து நாள்ல திரும்பவும் அதே பிரச்சனைன்னா, ஹீட்டர், சென்சார் பக்கம்தான் சந்தேகம். வர்ற மெக்கானிக்கிட்ட இதைச் சொன்னாலே பேச்சு வேற மாதிரி ஆயிடும்.

3. உள்ளே அடியில தண்ணி தேங்குது. பனி கரைஞ்ச தண்ணி போற துளை அடைச்சிருக்கும். துளை கண்ணுக்குத் தெரியுற மாடல்னா, பிளக்கைப் பிடுங்கிட்டு ஒரு சிரிஞ்ச்ல வெதுவெதுப்பான தண்ணியை மெதுவா விடுங்க. தகட்டுக்குப் பின்னாடி இருந்தா ஆளைக் கூப்பிடுங்க.

4. பக்கவாட்டுச் சுவர் சுடுது. பெரும்பாலும் இது கோளாறு இல்ல. உள்ளே இருந்து எடுத்த சூட்டை வெளியே விடுற குழாய் பல மாடல்கள்ல அந்தச் சுவருக்குள்ளதான் ஓடுது. சூடு வெளியேற இடம் விட்டிருக்கீங்களான்னு பாருங்க. ரெண்டு பக்கமும் பின்னாடியும் எவ்வளவு இடைவெளி வேணும்னு மேனுவல்ல போட்டிருக்கும். மாடுலர் கிச்சன் அழகா இருக்கணும்னு அலமாரிக்குள்ள இறுக்கிச் செருகிட்டா, மே மாசத்துல மூச்சு முட்டும்.

5. கதவு ஓரத்துல வியர்க்குது, கதவு தானா மூட மாட்டேங்குது. பத்து ரூபாய் நோட்டு ஒண்ணை எடுத்து கதவு ரப்பருக்கு நடுவுல வச்சு மூடி, இழுத்துப் பாருங்க. இறுக்கமா வந்தா ரப்பர் சரி. வழுக்கிட்டு வந்தா அந்த இடத்துல காத்து போகுது. கதவைச் சுத்தி ஏழெட்டு இடத்துல இப்படிப் பாருங்க. பல நேரம் ரப்பர்ல ஒட்டின அழுக்குதான் காரணமா இருக்கும், சோப்புத் தண்ணியில துடைச்சாப் போதும். ரெண்டு கதவும் ஒரே மட்டத்துல இல்லைன்னா, முன்னாடி இருக்கிற கால் திருகை லேசாத் திருப்பிச் சரி பண்ணலாம். நகர்த்தணும்னா மட்டும் தனியா முயற்சி பண்ணாதீங்க. நூறு கிலோ பக்கம் இருக்கும்.

செய்யவே கூடாத ரெண்டு விஷயம்

பனியைக் கத்தியால குத்தி எடுக்காதீங்க. அந்தச் சுருள் மெல்லிசான உலோகம். ஒரு ஓட்டை விழுந்தா, கேஸ் நிஜமாவே போயிடும். அப்போ கேஸ் பில் நியாயமாவே வரும்.

பழைய எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல மிக்ஸியோட சேர்த்து ஃபிரிட்ஜைச் சொருகாதீங்க. எர்த் உள்ள தனி பாயின்ட் கொடுங்க. இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் மாடல்கள் எத்தனை வோல்ட்ல இருந்து எத்தனை வோல்ட் வரை தாங்கும்னு ஸ்டிக்கர்லயோ மேனுவல்லயோ இருக்கும். உங்க தெருவுல வோல்டேஜ் அந்த எல்லைக்குள்ள இருந்தா ஸ்டெபிலைசர் செலவு தேவையில்ல. புறநகர்லயோ கிராமத்துலயோ இருந்து, கோடையில லைட் மங்குற அளவுக்கு வோல்டேஜ் விழுந்தா, ஒரு எலக்ட்ரீஷியனை வச்சு அளந்துட்டு முடிவு பண்ணுங்க.

ஆளைக் கூப்பிடும்போது

கூகுள்ல ‘கஸ்டமர் கேர் நம்பர்’னு தேடி முதல்ல வர்றதுக்குப் போன் போடாதீங்க. போலி நம்பர்கள் நிறைய இருக்கு. வாரண்டி கார்டுலயோ கம்பெனியோட சொந்த இணையதளத்துலயோ இருக்கிற நம்பரை மட்டும் எடுங்க. ‘பத்து ரூபாய் கட்டி ரிஜிஸ்டர் பண்ணுங்க, இந்த ஆப்பை இறக்குங்க, ஓ.டி.பி. சொல்லுங்க’ன்னு கேட்டா போனை வச்சிடுங்க. காசு போயிடுச்சுன்னா உடனே 1930-க்கு அடிச்சுப் புகார் பண்ணுங்க.

வந்தவர் “கேஸ் போச்சு”ன்னா இந்த மூணு கேள்வி கேளுங்க:

- எங்கே லீக்? ஃபிரிட்ஜ் கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ற பொருள் இல்ல. மூடின குழாய்க்குள்ள சுத்திக்கிட்டே இருக்கும். குறைஞ்சிருக்குன்னா எங்கேயோ ஓட்டை இருக்கு. ஓட்டையை அடைக்காம கேஸ் மட்டும் நிரப்பினா, அது ஓட்டை பக்கெட்ல தண்ணி ஊத்துற கதைதான்.
- வேக்யூம் போட்டு, எடை பார்த்து நிரப்புவீங்களா? எந்தக் கேஸ், எத்தனை கிராம்னு ஃபிரிட்ஜ் ஸ்டிக்கர்லயே இருக்கும். இப்போ பல மாடல்கள்ல ஆர்-600ஏ. இது தீப்பிடிக்கக்கூடியது. பழகின ஆள்தான் தொடணும். வேற கேஸ் மாத்தி நிரப்ப விடாதீங்க.
- எத்தனை மாசம் கேரண்டி, எழுதித் தருவீங்களா?

கம்ப்ரஸர், போர்டுன்னு சொன்னாலும் இதே மாதிரிதான். மாத்தின பழைய பாகத்தைக் கையில வாங்கிப் பாருங்க.

பில் பத்தி ஒரு ஆடிட்டரோட வார்த்தை

“பில் வேணும்னா 18 பர்சன்ட்”னு யாராவது சொன்னா, ஜி.எஸ்.டி. நம்பர் போட்ட பில் கேளுங்க. சேவைத் தொழில்ல பொதுவா வருஷ வரவு 20 லட்சம் வரைக்கும் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்ல. பதிவு இல்லாதவர் உங்ககிட்ட ஜி.எஸ்.டி. வாங்கவே கூடாது. ஆனா சாதாரண ரசீது தாராளமாத் தரலாம். தேதி, ஃபிரிட்ஜ் மாடல், செஞ்ச வேலை, தொகை, கேரண்டி, கையெழுத்து. இது போதும். சிம்மக்கல் அண்ணன் கொடுத்தது அப்படி ஒரு துண்டு ரசீதுதான்.

பணத்தை யு.பி.ஐ-யில அனுப்பினா அதுவும் ஒரு ஆதாரம். சேவை சரியில்லைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுலயும் தீரலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம் மதுரையிலேயே இருக்கு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன்படி பிரச்சனை நடந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும். நீங்க கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள்ளன்னா மனுவுக்குக் கட்டணம் கிடையாது. ஆனா எங்கே போனாலும் முதல் கேள்வி, “பில் இருக்கா?”

வாரண்டி கார்டையும் ஒரு தடவை படிச்சிடுங்க. ‘10 வருஷ வாரண்டி’ங்கிறது பெரும்பாலும் கம்ப்ரஸருக்கு மட்டும். கேஸ், கூலி, விசிட்டிங் சார்ஜ், அந்தக் கம்ப்ரஸரை ஓட்டுற எலக்ட்ரானிக் போர்டு இதெல்லாம் அதுல சேருமான்னு பாருங்க. எக்ஸ்டெண்டட் வாரண்டி விக்க வந்தாலும் இதே நாலைத்தான் கேக்கணும்.

ரிப்பேரா, புதுசா?

80,000 ரூபாய் ஃபிரிட்ஜ் பத்து வருஷம் உழைக்கும்னு வச்சுக்குவோம். அப்போ அதோட வருஷச் செலவு ₹8,000. இதுதான் உங்க அளவுகோல். ரிப்பேர் செலவை, அதுக்கப்புறம் எத்தனை வருஷம் ஓடும்னு எதிர்பார்க்கிறீங்களோ அதால வகுங்க.

ஆறு வருஷ ஃபிரிட்ஜ், ரிப்பேர் ₹9,000, இன்னும் மூணு வருஷம் ஓடும்னா வருஷத்துக்கு ₹3,000. தாராளமா ரிப்பேர் பண்ணுங்க. ஒன்பது வருஷ ஃபிரிட்ஜ், சுவருக்குள்ள குழாய் லீக், ₹14,000, இன்னும் ஒரு வருஷம் ஓடினா அதிர்ஷ்டம்னா, அது 8,000-ஐத் தாண்டிடுச்சு. விட்டுடுங்க.

கரண்ட் பில்லையும் சேர்த்துப் பாருங்க. ரப்பர் லீக், பனி அடைப்புனு ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு ஒரே ஒரு யூனிட் கூடுதலா இழுத்தா, ரெண்டு மாசத்துக்கு 60 யூனிட். 2024 ஜூலை உயர்வுக்குப் பிந்தைய இ.பி. கட்டணத்துல 500 யூனிட்டைத் தாண்டினா யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல. 480 ரூபாய் போச்சு. அதோட 500 யூனிட்டுக்குள்ள இருக்கிறவங்களுக்குக் கிடைக்கிற சலுகையும் போயிடும். நீங்க 470, 480-லயே நிக்கிற வீடுன்னா இந்த 60 யூனிட் ரொம்ப முக்கியம்.

இன்னொண்ணு: வீட்டுச் சாமான்களுக்குன்னு மாசம் ₹200 தனி ஆர்.டி. போடுங்க. அஞ்சு வருஷத்துல வட்டி இல்லாமலே 12,000. ஃபிரிட்ஜ் நின்னு போற அன்னைக்கு கிரெடிட் கார்டைத் தேட வேண்டாம். பதட்டம் இல்லைன்னாலே பாதி ஏமாற்றம் குறையும்.

வீட்ல இன்சுலின் இருந்தா

பிரிக்காத இன்சுலின் 2-ல இருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும். உறைஞ்சு போன இன்சுலினை உருக்கிப் பயன்படுத்தக் கூடாது. சைடு பை சைடுல குளிர்காத்து நுழையிற துளைக்கு நேரா வச்சா உறைஞ்சு போகலாம். கதவுல வச்சா திறக்கும்போதெல்லாம் சூடாகும். நடுத் தட்டுல, ஒரு மூடி போட்ட டப்பாவுக்குள்ள வைங்க. பக்கத்துல ஒரு சின்ன தெர்மாமீட்டர். சில நூறு ரூபாய்தான். டிஸ்பிளே காட்டுற எண் நீங்க செட் பண்ணின எண்ணா இருக்கலாம், உள்ளே நிஜமா இருக்கிற சூடு வேறயா இருக்கலாம். சந்தேகம்னா டாக்டர்கிட்டயோ மருந்துக்கடையிலயோ கேட்காம ஊசி போடாதீங்க.

கரண்ட் போனா கதவைத் திறக்காதீங்க. மூடியே இருந்தா வலது பக்கம் சுமார் நாலு மணி நேரம் குளிர் தாங்கும்.

போன்ல ரிமைண்டர் போட்டுக்கோங்க

- மாசம் ஒரு தடவை: கதவு ரப்பரைத் துடைக்க, பத்து ரூபாய் நோட்டு சோதனை, காத்துத் துளைகள் காலியா இருக்கான்னு பார்க்க.
- ஆறு மாசத்துக்கு ஒரு தடவை: பிளக்கைப் பிடுங்கி, வெளியே எட்டுற இடத்துல இருக்கிற தூசியைத் தட்ட. தண்ணி வர்ற மாடல்னா ஃபில்டர் மாத்துற தேதியைப் பார்க்க.
- மார்ச் கடைசியில: வெயில் ஏறுறதுக்கு முன்னாடி தெர்மாமீட்டரை ஒரு ராத்திரி உள்ளே வச்சுப் பார்க்க. வலது பக்கம் 3, 4 டிகிரி, ஃப்ரீசர் மைனஸ் 18 பக்கம் இருந்தா நல்லது.
- தினமும்: சூடான குழம்பை ஆறவிட்டு, மூடி போட்டு வைக்க. ஆவிதான் பனியாகுது.

இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரே ஒரு வேலை செய்யுங்க. ஃபிரிட்ஜ் பில்லையும், வாரண்டி கார்டையும், ஸ்டிக்கரையும் போட்டோ எடுத்து போன்ல ஒரு ஃபோல்டர்ல போட்டு வைங்க. அஞ்சு நிமிஷம்தான் ஆகும். 11,000 ரூபாய் கட்டி நான் கத்துக்கிட்ட பாடத்துல பாதி அந்த அஞ்சு நிமிஷத்துல அடங்கிடும்.